நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

செல்லக்கிளி நகர் மதுரையில் ஆனையூரைத் தாண்டிக் கண்மாய் ஓரத்தில் இருக்கிறது. செல்லக்கிளி என்பது அந்த இடத்தை மனை போட்டு விற்றவரின் மகள் பெயர். அந்தப் பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். தன் பெயரில் ஒரு நகர் இருப்பதைப் பார்க்க ஒருநாளும் வந்ததில்லை. முதலில் அங்கே நாற்பது வீடுகள் இருந்தன. இப்போது நூற்றெழுபது. கரண்ட் மட்டும் அதே நாற்பது வீட்டுக்கு வந்த கரண்ட்தான். சாயங்காலம் ஆறரை ஆனதும் டியூப்லைட் நடுங்க ஆரம்பிக்கும். ஓடுகிற ஃபேனின் மூன்று இறக்கைகளையும் படுத்துக்கொண்டே எண்ணலாம்.

மூன்றாவது தெருவில் குடியிருந்த கனகா, ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்து லைசென்ஸ் வாங்கியவள். பதினெட்டு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறாள். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் போட்ட ரெக்சின் பையை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு போவாள். ஏணி மட்டும் வேலை கொடுக்கிற வீட்டுக்காரர் பொறுப்பு. இதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம் பற்றித் தமிழில் எந்தப் புத்தகம் கிடைத்தாலும் வாசித்துவிடுவாள். நூலகத்தில் அந்த அலமாரியையே முடித்துவிட்டாள். அந்தப் புத்தகங்கள் இரண்டே வகைதான் என்பது அவளுடைய முடிவு. ஒரு வகையில் பக்கத்துக்குப் பக்கம் சூத்திரம் இருக்கும். எழுதியவருக்கே புரிந்ததா என்று சந்தேகம் வரும். இன்னொரு வகையில் வருங்காலம் இருக்கும்: நிலாவிலிருந்து மின்சாரம் வரும், கார் பறக்கும், இயந்திர மனிதன் தோசை சுடுவான். மிக்சியைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது ஏன் என்பதற்கு இரண்டு வகையிலும் பதில் கிடையாது.

இந்த எரிச்சலில்தான் அவள் ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஃபேஸ் எது, நியூட்ரல் எது, எர்த் எதற்கு, டிரிப்பர் விழுந்து கரண்ட் நின்றால் அதைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தக் கூடாது என்பது ஏன் என்று எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த தமிழில், படம் போட்டு எழுதினாள். யாருக்கும் காட்டவில்லை. அவள் புருஷன் சிவபாண்டி தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். "என்னத்த எழுதுற?" என்று ஒரு தடவை கேட்டான். "வயரிங்க எழுதுறேன்" என்றாள். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் கோரிப்பாளையத்தில் ஜமீல் பாய் அச்சகத்தில் பேனல் போர்டு புகைந்துவிட்டது. கனகாவைக் கூப்பிட்டார்கள். ஜமீல் பாய் கல்யாணப் பத்திரிகையும் பள்ளிக்கூட கைடும் அடிக்கிறவர். அவர் மனைவி அமீருன்னிசா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அங்கே அச்சாகிற ஒவ்வொரு எழுத்தையும் சிவப்புப் பேனாவோடு பார்ப்பவர். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரில் ஒற்று மிகுந்துவிட்டது என்று அவர் திருத்தி, மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்த கதையெல்லாம் உண்டு.

உதிரி பாகம் வாங்கப் போன ஆள் திரும்பும் வரை கனகா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அமீருன்னிசா எட்டிப் பார்த்தார். ஒரு பிழையைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. நோட்டை வாங்கினார். பேனல் போர்டு சரியாகி, மிஷின் ஓடி, கனகா கூலி வாங்கிக் கிளம்ப நின்றபோதும் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னங்க, இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். "நாப்பது வருஷமா நம்ம வீட்டுல ஃபிரிட்ஜத் தொட்டா ஷாக் அடிக்குதுல்ல? ஏன்னு இந்தப் பிள்ள எழுதியிருக்கு. எனக்கே புரியுது."

ஜமீல் பாயும் வாசித்தார். கனகாவை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"புத்தகமாப் போடுவோம்மா. புத்தகத் திருவிழாவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. ஆனா ஒரு குறை. இதுல கனவு இல்ல."

"வயரிங்ல எதுக்குப் பாய் கனவு?"

"போன வருஷம் தமுக்கம் மைதானத்துல கடை போட்டு பத்து நாள் உக்காந்து பாத்தேன். எந்த அட்டையில 'எதிர்காலம்'னு இருக்கோ அது போகுது. சனங்களுக்கு இன்னைக்கு உள்ளது தெரியும்ல, அதுக்கு எதுக்குக் காசு? கடைசியா ஒரு அத்தியாயம், வருங்கால மின்சாரம்னு எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

கனகா ஒரு வாரம் முயன்று பார்த்தாள். நிலாவும் பறக்கும் காரும் அவள் கைக்கு வரவில்லை. திரும்பிப் போய், "எனக்குக் கனவு வரமாட்டேங்குது டீச்சர்" என்றாள்.

"உலகத்தை விடு" என்றார் அமீருன்னிசா. "உன் தெருவுல என்ன வந்தா நல்லாருக்கும்? அத எழுது."

அது சுலபமாக வந்தது. ஒரே உட்காரலில் பன்னிரண்டு பக்கம். எழுதி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை ஆசை தன்னிடம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

புத்தகத்துக்கு 'சுவிட்சுக்குப் பின்னால்' என்று பெயர் வைத்தார்கள். இதற்கே ஒரு சண்டை நடந்தது. சுவிட்ச் என்று போடக்கூடாது, ஆளி என்று ஒரு சொல் இருக்கிறது என்றார் அமீருன்னிசா.

"ஆளின்னா கோயில் தூண்ல நிக்கிற சிங்கம்ல டீச்சர்" என்றாள் கனகா. "ஒருத்தனுக்கு ஷாக் அடிக்குது, 'ஆளிய அமத்து'ன்னு கத்துனா, கூட நிக்கிறவன் ஆளத்தான் அமத்துவான்."

அந்த ஒரு இடத்தில்தான் அமீருன்னிசா இறங்கி வந்தார். அதற்குப் பதிலாகவோ என்னவோ, கடைசி அத்தியாயத்தில் கை வைத்துவிட்டார். கனகா அதில் 'வரலாம்', 'இருக்கலாம்', 'ஓடலாம்' என்றுதான் எழுதியிருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று 'லாம்'. அமீருன்னிசாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரே விகுதி இத்தனை தடவை வந்தால் நடை நொண்டும் என்பது அவர் கொள்கை. நாற்பத்து மூன்றையும் அடித்துவிட்டு 'வரும்', 'இருக்கும்', 'ஓடும்' என்று திருத்தினார். காலம் தெளிவாக இல்லை என்று தோன்றியதால் '2031-ஆம் ஆண்டில்' என்றும் சேர்த்தார். கனகா அச்சுப்பிரதியைப் பார்த்தாள். எர்த் படம் தலைகீழாக இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்த்தாள்.

இப்படியாக அச்சில் வந்த நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் இது:

'2031-ஆம் ஆண்டில் செல்லக்கிளி நகர் மூன்றாவது தெருவில் மின்கம்பங்கள் இருக்காது. கம்பிகள் அனைத்தும் தரைக்கடியில் செல்லும். மாடிதோறும் சூரியத் தகடுகள் இருக்கும். ஆள் நடந்தால் தெருவிளக்கு எரியும்; கடந்துவிட்டால் அணையும். மின்சார ஆட்டோக்கள் தண்ணீர்த் தொட்டி அருகே வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். எட்டாம் எண் வீட்டில் அன்னக்கொடி கிரைண்டரையும் ஏசியையும் ஒரே நேரத்தில் ஓட்டுவார்.'

புத்தகத் திருவிழாவில் அறுநூறு பிரதி போனது. ஜமீல் பாய் எழுதியவரையே கடையில் உட்கார வைத்ததால், வாங்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு மோட்டாருக்கு என்ன கோளாறு என்று கேட்டு நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்து மேலும் கூட்டம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் கனகா 'எர்த் சரிபார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

செல்லக்கிளி நகரில் முதலில் வாங்கியவர் பேயாண்டி. மனை புரோக்கர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா வைத்திருப்பார். எழுதி யாரும் பார்த்ததில்லை. அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனவர் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் நின்றார். இரண்டு தடவை வாசித்தார். அந்தத் தாளைக் கிழித்துக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டார். மீதிப் புத்தகம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனை பார்க்க வருகிறவர்களிடம் அந்த அட்டையை நீட்டினார். "வாயால சொன்னா புரோக்கர் பொய் சொல்றான்பீங்க. நூலாவே வந்துருச்சு, படிங்க. அண்டர்கிரவுண்டு கேபிள். எழுதுனவங்க கரண்ட் லைன்லயே பதினெட்டு வருஷம் இருக்குறவங்க. உள்ளுக்குள்ள விசயம் தெரியாம இம்புட்டு உறுதியா எழுதுவாங்களா?"

இரண்டே மாதத்தில் ஏழு மனை கைமாறியது.

கனகாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு காலையில் ஐந்தாவது தெருவிலிருந்து எட்டுப் பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. முன்னால் நின்றவள் முத்துமீனா. சத்துணவு மையத்தில் வேலை. குரல் மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"எங்க தெரு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

கனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போன வாரம் ஐந்தாவது தெருவில் மோட்டார் காயில் கட்டியது எரிந்துபோயிற்றோ என்று நினைத்தாள்.

"ஒன்னோட மூணாவது தெருவுக்கு மட்டும் கம்பி தரைக்குள்ள போகுமாம். ஆள் நடந்தா லைட்டு எரியுமாம். நாங்க நடந்தா எரியாதா? நாங்க ஆளு இல்லையா?"

"மதினி, அது சும்மா எழுதுனது. கனவு மாதிரி."

"கனவுதான? காசா பணமா? கனவுலயாச்சும் அஞ்சாவது தெருவச் சேத்துருக்கலாம்ல?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. பக்கத்தில் எட்டாம் எண் வீட்டு அன்னக்கொடி வேறு ஜன்னல் வழியாக, "ஏத்தா கனகா, நான் ஏசி வாங்கப் போறேன்னு எங்க வீட்டுக்காரருக்கே நான் சொல்லல. புஸ்தகத்தைப் படிச்சுட்டு மனுசன் மூணு நாளா என்கூடப் பேசல" என்று தன் குறையையும் சேர்த்துக்கொண்டாள்.

கனகா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு 'லாம்' கூட இல்லை. உடனே போன் போட்டாள்.

"டீச்சர், என் லாமெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. இப்ப எம்புட்டு கம்பீரமா இருக்கு பாரு" என்றார் அமீருன்னிசா, மிகுந்த திருப்தியோடு.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் சோணைமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை, சும்மா இருக்காது. ஒரு மனு எழுதினார். 'மேற்படி நூலின் 113-ஆம் பக்கத்தில் உறுதியளித்தவாறு எங்கள் நகரின் அனைத்துத் தெருக்களிலும் தரைவழிக் கம்பிகள் அமைத்துத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.' நூற்றெழுபது வீட்டிலும் கையெழுத்து வாங்கி, புத்தகத்தையும் இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிட்டார்.

மனு மேலே போய், கீழே வந்து, நடுவில் நாலு கையெழுத்து வாங்கி, பத்தொன்பதாம் நாள் அந்தப் பகுதியின் உதவி மின்பொறியாளர் மேஜைக்கு வந்தது. அவர் பெயர் சத்யப்ரியா; வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மனுவின் மேல் ஒருவர் பச்சை மையில் 'இத்திட்டம் எப்போது அனுமதிக்கப்பட்டது? விவரம் தருக' என்று எழுதியிருந்தார். சத்யப்ரியா இரண்டு நாள் கோப்பு கோப்பாகத் தேடினார். பிறகு புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, எழுதியவரை ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

அன்று மத்தியானம் கனகா சாப்பிடவில்லை. லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்றே முடிவு செய்துவிட்டாள். சிவபாண்டி ஆறுதல் சொல்லத் தெரியாதவன். "போனா போகுது, என்கூட கேன் போட வா" என்றான். அவள் லைசென்ஸ், ஐ.டி.ஐ. சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்று வீட்டில் இருந்த காகிதத்தை எல்லாம் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சத்யப்ரியா அவளை உட்காரச் சொன்னார். மேஜையில் புத்தகம் இருந்தது. நிறைய இடத்தில் துண்டுத்தாள் செருகியிருந்தது. கனகா கவரிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு குறை இருக்கு" என்றார் சத்யப்ரியா. "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தணும்னு எழுதியிருக்கீங்க. எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு சொல்லலை. கே.கே. நகர்ல எங்க அம்மா இதைப் படிச்சிட்டு தினமும் ஊத்தறாங்க. முற்றமெல்லாம் சேறு. நான் இந்த வேலையிலதான் இருக்கேன், தினமும் வேணாம்னு சொன்னேன். 'புக்குல அப்படி இல்லையே'ங்கறாங்க."

கனகாவுக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. "வெயில் காலத்துல வாரம் ஒரு தடவ போதும் மேடம்" என்றாள்.

"சரி. இப்ப அடுத்தது." சத்யப்ரியா பக்கத்தைத் திருப்பினார். "நூத்திப் பதினாலாம் பக்கம். 'இதற்கெல்லாம் முதல் படியாக, முதல் தெரு முனையில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கிழக்குப் பார்த்த காலி மனைக்கு எதிரே, நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நிற்கும்.' இது உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். வேற எங்க வைக்க முடியும்? மத்த எடமெல்லாம் வீடு. அந்த முனையில ரோடு அகலம். எல்லாத் தெருவுக்கும் அங்கருந்து தூரம் ஒண்ணு போல வரும். அளந்து பாத்துத்தான் எழுதுனேன்."

"அளந்தீங்களா?"

"கனவுனாலும் கம்பி நீளம் தெரியணும்ல மேடம்."

சத்யப்ரியா அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வைத்தார். தூசி தட்டி, வரைபடத்தை விரித்தார். அதே முனை. அதே நூறு கே.வி.ஏ. ஆறு வருடத்துக்கு முந்திய மதிப்பீடு.

"தரைக்கடியில கேபிள் எல்லாம் இப்போதைக்கு நடக்காது. அப்படியே எழுதி அனுப்பிடுவேன். ஆனா இது நடக்கும். அப்பவே நடந்திருக்கணும். என் மனைக்கு முன்னால டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்னு ஒருத்தர் ஆட்சேபம் எழுதிக் குடுத்தார். மத்தவங்க யாரும் வேணும்னு எழுதிக் குடுக்கலை. அதோட நின்னுபோச்சு."

"யாரு மேடம்?"

"அதை நான் சொல்லக் கூடாது" என்றார் சத்யப்ரியா. கோப்பை ஒரு பக்கத்துக்குத் திருப்பி, கனகாவின் பக்கமாக வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

ஆட்சேபக் கடிதம் நான்கு நிற மையில் எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பதாரர் பெயர் சிவப்பில், முகவரி பச்சையில், விஷயம் நீலத்தில், கையெழுத்துக் கறுப்பில். கனகாவுக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் இருக்கும் அந்த நாலு பேனாவும் எழுதும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் தகரக் கொட்டகையில் சங்கக் கூட்டம் கூடியது. ஐந்தாவது தெரு மொத்தமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. சோணைமுத்து எழுந்து, கேபிள் இப்போது வராது, ஆனால் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வரும் என்று சொன்னார்.

"எங்க வைப்பாக?" என்று யாரோ கேட்டார்கள்.

சோணைமுத்து முனையைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், பேயாண்டி எழுந்துவிட்டார்.

"அண்ணே, அது சரிப்படாது. அந்த மனை என்னுது. அங்க குடி வரப்போறவுங்க பிள்ளைகுட்டிக்காரவுங்க. ராப்பகலா ஹம்முனு சத்தம் வரும், தலைவலி வரும். வேற எடம் பாருங்க."

"எங்க தெருவுல வைங்க" என்றாள் முத்துமீனா உடனே. "எதையாச்சும் எங்க தெருவுல வைங்க."

"அஞ்சாவது தெரு ஒன்பது அடி அகலந்தான் மதினி. டிரான்ஸ்ஃபார்மர வச்சா நீங்க வீட்டுக்குப் போக முடியாது" என்றாள் கனகா. பிறகு பேயாண்டியைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, நீங்க மனை காட்டுறப்ப ஒரு அட்ட வச்சிருப்பீகல்ல, அது இருக்கா?"

பேயாண்டிக்கு அந்த அட்டை உயிர். பையிலிருந்து பெருமையாக எடுத்து உயர்த்திக் காட்டினார். "இந்தா இருக்கு. ஒரு எழுத்து மாத்தல. நீ எழுதுன அப்படியே."

"அதுல எழுதியிருக்கிறது அம்புட்டும் நடக்கும்னுதான எல்லாருக்கும் சொன்னீக?"

"சத்தியமா நடக்கும்த்தா. நான் எங்க இல்லன்னேன்? நூல்ல வந்தது நடக்காம போகுமா?"

"அந்த அட்டயத் திருப்புங்கண்ணே."

பேயாண்டி திருப்பினார். மாதக்கணக்காகக் கையில் இருந்த தாளுக்கு ஒரு பின்பக்கம் உண்டு என்பது அவர் முகத்தில் அப்போதுதான் தெரிந்தது. உதடு அசைய வாசித்தார். 'கிழக்குப் பார்த்த காலி மனைக்கு எதிரே' என்ற இடத்தில் உதடு நின்றுவிட்டது.

"சத்தமா வாசிங்க" என்றாள் முத்துமீனா.

சோணைமுத்து அட்டையை வாங்கி, பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கூட்டத்தில் பின்வரிசையில் பேயாண்டியிடம் மனை வாங்கிய ஏழு பேரில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அமைதியாக எழுந்தார்.

"சார், முன்பக்கம் நடக்கும்னு சொல்லித்தான் எங்களுக்கு வித்தீங்க. பின்பக்கம் நடக்காதுன்னா முன்பக்கமும் நடக்காதுன்னு ஆகுது. அப்படின்னா நாங்க உங்ககிட்டப் பேச வேண்டிய விசயம் வேற."

பேயாண்டி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனதில் ஒரு தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது எல்லோருக்குமே தெரிந்தது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார்.

"நான் என்ன ஊருக்கு ஆகாதவனா" என்றார். "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

அவர்தான் முதல் கையெழுத்து. கனகாவுக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. பச்சை மையில் அவர் தன் பெயரை எழுதியதைப் பார்த்தபோது பாவமாகக்கூட இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் வர ஏழு மாதம் ஆனது. லாரியில் வந்து இறங்கிய நாளில் முத்துமீனா ஐந்தாவது தெருவின் சார்பில் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சத்யப்ரியா பதறிப்போய், சார்ஜ் பண்ணி மின்சாரம் விடுவதற்கு முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு லைன் கொடுத்தார்கள். நகரில் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் மிக்சி சத்தம் கேட்டது. அரைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட வெறும் ஜாரை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அன்னக்கொடி வீட்டில் ஏசி வந்துவிட்டது. அவள் புருஷன் இப்போது பேசுகிறார். ஏசி அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பதுதான் அவளுடைய புதிய குறை.

பேயாண்டி ஒரு மாதம் ஊமையாக இருந்தார். பிறகு அந்த முனை மனையையும் விற்றுவிட்டார். 'டிரான்ஸ்ஃபார்மர் வாசல்லயே நிக்குது, வோல்டேஜ் உங்களுக்குப் போகத்தான் மத்தவுங்களுக்கு' என்று சொல்லி விற்றதாகக் கேள்வி.

ஜமீல் பாய் இரண்டாம் பதிப்புக்கு அவசரப்படுத்தினார். கனகா ஒரே நிபந்தனை போட்டாள். நாற்பத்து மூன்று 'லாம்'மும் அதனதன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அமீருன்னிசா மூன்று நாள் பேரம் பேசினார். இருபதில் முடிக்கலாம் என்றார், முப்பது என்றார். கனகா அசையவில்லை. கடைசியில் அவர் ஒவ்வொரு 'லாம்'மையும் தன் கையாலேயே திரும்பச் சேர்த்தார். சேர்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார் என்று ஜமீல் பாய் சொன்னார். எர்த்துக்கு வாரம் ஒரு தடவை என்பதும் சேர்ந்தது.

அந்தப் பதிப்பு வந்த பத்தாம் நாள், கனகா வீட்டு வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தினாள். முப்பது வயது இருக்கும். பெயர் பாண்டிமீனா என்றாள். அலங்காநல்லூர் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலைக்குத் தினமும் மதுரைக்கு வந்து போகிறாளாம்.

"நீங்க எழுதுனா நடக்குதுன்னு கேள்விப்பட்டேன்க்கா. எங்க ஊருக்குக் காலையில ஒரு பஸ் எழுதணும்."

கனகாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் எழுதி ஒண்ணும் நடக்கலம்மா. நூத்தியெழுவது பேரு கையெழுத்துப் போட்டாக. ஒரு மேடம் கோப்பத் தேடி எடுத்தாக. அதுவும் எனக்குத் தெரிஞ்சது கரண்டு மட்டுந்தான். பஸ் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

பாண்டிமீனா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப கரண்டு பஸ்ஸா எழுதுங்க" என்றாள்.

கனகா அவளை உள்ளே வரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க ஊர்லருந்து மெயின் ரோடு எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள்.